மூலிகைச் சாறும் புற்றுநோய்ப் பரிசோதனையும்

உல்லாஸ்நகரிலிருந்து மும்பை நோக்கிப் புறப்படும் காலை மின்சார ரயிலில், டாடா ஞாபகார்த்த மருத்துவமனையின் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு பரேலுக்குச் செல்லும் நோயாளியும், செய்தித்தாள்களுக்கிடையில் அழுத்தி உலர்த்திய ஒரு கிளையைச் செயின்ட் சேவியர் கல்லூரியின் பிளாட்டர் தாவரச் சேகரத்தில் காண்பித்து, அதன் சாஸ்திரீயப் பெயரை உறுதி செய்து சான்று வாங்கிவரச் செல்லும் ஆராய்ச்சி மாணவியும் ஒரே பெட்டியில் அமர்ந்திருப்பது அபூர்வமன்று. ஒருவரையொருவர் அவர்கள் அறியார்; ஆயினும் அம்மாணவி எழுதப்போகும் கட்டுரை, இன்ன செடியின் சாறு புற்றுநோய் அணுக்களை அழிக்கும் வல்லமையுடையது என்று முடியுமானால், அம்முடிவு பத்திரிகைச் செய்தியாகி, பின்னர் கைபேசிகளில் உலவும் துணுக்காகி, அந்த நோயாளியின் வீட்டு அடுப்பில் கஷாயமாகக் கொதிக்கத் தொடங்குவதற்கு நெடுங்காலம் பிடிப்பதில்லை. மூலிகைச் சாற்றைப் புற்றுநோய்க்குப் பரீட்சிப்பது என்றால் என்ன, அப்பரீட்சை எதை நிரூபிக்கிறது, எதை நிரூபிப்பதில்லை, சாறாகத் தொடங்கியது மருந்தாக முடிந்த சந்தர்ப்பங்களில் இடையே நிகழ்ந்தவை யாவை என்ற கேள்விகளை ஒருங்கே வைத்துப் பார்ப்பது ஆகையால் அவசியமாகிறது.

தேசப் பிரிவினையில் சிந்துவை விட்டு வந்தவர்களுக்காக, கல்யாண் ராணுவ முகாம் இருந்த நிலத்தில், 1949-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், அப்பொழுது கவர்னர் ஜெனரலாயிருந்த ராஜாஜி கால்கோள் செய்த உல்லாஸ்நகர், இன்றும் தன் பேட்டைகளை முதல் முகாம், மூன்றாம் முகாம் என்றே எண்ணால் அழைத்துக்கொள்கிறது. இதைப் போன்ற புறநகர்களில், பெரிய மானியங்களோ விலையுயர்ந்த கருவிகளோ இல்லாமல் நடக்கும் கல்லூரிகளில், தாவரவியலும் ரசாயனமும் உயிரியல் தொழில்நுட்பமும் பயிலும் மாணவர் ஏன் மீண்டும் மீண்டும் இந்த விஷயத்தையே தேர்ந்தெடுக்கின்றனர் என்பதற்கு விடை எளிது. மூலப்பொருள் வேலியோரத்தில் விலையின்றிக் கிடைக்கிறது; இலை, வேர், பட்டை, விதை என ஒவ்வொரு செடிக்கும் நான்கைந்து உறுப்புகள்; நீர், மெத்தனால், குளோரோஃபார்ம், ஹெக்ஸேன் என நான்கைந்து கரைப்பான்கள்; மார்பகம், கருப்பை வாய், ஈரல், பெருங்குடல் என எத்தனையோ அணு வகைகள்; ஒன்றையொன்று பெருக்கினால் எந்தக் காலத்திலும் தீராத தலைப்புகள். பட்டத்திற்கும் பதவிக்கும் பிரசுரம் தேவை என்ற நியதி இதனோடு சேரும்பொழுது, விளைச்சல் எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பரிசோதனை நடைபெறும் முறையைச் சற்று அருகிலிருந்து காண்போம். பறித்த இலையை வெயில் படாமல் நிழலில் உலர்த்தி, மிக்ஸியில் அரைத்துச் சலித்து, தடித்த காகிதத்தாலான உறையில் இட்டு, சாக்ஸ்லெட் என்னும் கண்ணாடிக் கருவியில் வைப்பார்கள். கீழே குடுவையில் கொதிக்கும் கரைப்பான் ஆவியாய் மேலேறி, குளிர்ந்து, பொடியின்மேல் சொட்டி, நிரம்பியவுடன் தானே வடிந்து மறுபடியும் குடுவைக்கு இறங்கும். வடியும் திரவம் நிறமற்றுப் போகும்வரை மணிக்கணக்கில் இது நடக்கும். பின்னர்க் கரைப்பானை ஆவியாக்கி நீக்கினால், குடுவையின் அடியில் கரும்பச்சை நிறத்தில், கரண்டியில் ஒட்டிக்கொண்டு வர மறுக்கும் ஒரு பிசின் மிஞ்சுகிறது. அதில் நூற்றுக்கணக்கான ரசாயனப் பொருள்கள் கலந்திருக்கின்றன. அதைச் சிறிது நிறுத்து, டி.எம்.எஸ்.ஓ. என்னும் திரவத்தில் கரைத்தால், சாறு பரீட்சைக்குத் தயார்.

மறுபுறத்தில், பூனாவிலுள்ள தேசிய உயிரணு அறிவியல் மையத்திலிருந்து வரவழைத்த மனிதப் புற்றுநோய் அணுக்கள், 37 பாகை வெப்பத்தில், கரியமில வாயு கலந்த காற்றில், கன்றின் இரத்தநீர் சேர்த்த இளஞ்சிவப்பு ஊட்டத் திரவத்தில் வளர்கின்றன. உள்ளங்கையளவு பிளாஸ்டிக் தட்டொன்றில் 96 சிறு குழிகள். ஒவ்வொரு குழியிலும் சில ஆயிரம் அணுக்கள். வரிசைக்கு வரிசை அளவு மாற்றிச் சாற்றைச் சேர்த்து, ஓரிரு நாள் கழித்து, எம்.டி.டி. என்னும் மஞ்சள் உப்பை ஊற்றுவார்கள். உயிருள்ள அணு அந்த மஞ்சளை ஊதாப் படிகமாக மாற்றும். மாண்ட அணு மாற்றாது. ஊதா குறையக் குறைய, மாண்டவை அதிகம் என்று கணக்கு. 1983-இல் மோஸ்மன் என்பவர் வகுத்த இம்முறையும், 1990-இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தார் வகுத்த, அணுவின் புரதத்திற்குச் செந்நிறம் ஏற்றும் எஸ்.ஆர்.பி. முறையும் இன்று உலகெங்கும் வழங்குகின்றன. நவிமும்பையின் கார்கரில் டாடா ஞாபகார்த்த மையத்தைச் சேர்ந்த ஆராய்ச்சி நிலையத்தில், வெளிக் கல்லூரிகள் அனுப்பும் சாறுகளை எஸ்.ஆர்.பி. முறையில் சோதித்து, அட்ரியாமைசின் என்னும் அறியப்பட்ட மருந்தோடு ஒப்பிட்டு அறிக்கை தரும் பிரிவொன்று இருப்பது, சொந்தமாக அணு வளர்ப்புச் சாலை இல்லாத புறநகர்க் கல்லூரிகளுக்கு ஒரு வரப்பிரசாதம்.

இவ்வளவும் செம்மையான முறையே. குறை முறையில் இல்லை. அதன் விடையைப் படிக்கும் விதத்தில் இருக்கிறது. தட்டில் வளரும் அணுவைக் கொல்வது அரிய காரியமன்று. உப்பு மிகுந்த நீரும் கொல்லும், துணி வெளுக்கும் திரவமும் கொல்லும், சோப்புக்காயில் நுரை தரும் சபோனின் அணுவின் மேலுறையைக் கிழித்தே கொல்லும், கடுக்காயின் துவர்ப்புச் சத்து புரதங்களோடு பிணைந்து எல்லாவற்றையும் முடக்கும். ஆகவே, கொல்கிறதா என்பதைவிட எவ்வளவு சொற்ப அளவில் கொல்கிறது, புற்றணுவை மட்டும் கொன்று நல்லணுவை விட்டுவைக்கிறதா என்பனவே பொருளுள்ள வினாக்கள். ஒரு மில்லிலிட்டரில் 20 மைக்ரோகிராமுக்கு மேற்படாத அளவில் பாதி அணுக்களின் வளர்ச்சியைத் தடுத்தாலன்றி ஒரு கச்சாச் சாற்றை வீரியமுள்ளதாகக் கருத வேண்டாம் என்பது நெடுநாளாக வழங்கும் அளவுகோல். அச்சேறும் கட்டுரைகளிலோ 200-உம் 500-உம், சில சமயம் 1,000 மைக்ரோகிராமும் கொடுத்து அணுக்களைக் கொன்றுவிட்டு, குறிப்பிடத்தக்க புற்றுநோய் எதிர்ப்பு ஆற்றல் என்று எழுதியிருப்பதைக் காண்கிறோம். அந்த அளவை மனித இரத்தத்தில் எட்டவேண்டுமானால் நோயாளி எத்தனை படி பொடி உண்ணவேண்டும் என்று கணக்கிட்டுப் பார்த்தால் அந்த வாக்கியத்தை எழுதக் கை வராது.

இன்னும் நுட்பமான பிழைகள் உண்டு. செடியிலுள்ள பாலிஃபீனால் வகைப் பொருள்கள், அணுவின் உதவி சிறிதுமின்றித் தாமே மஞ்சள் எம்.டி.டி.யை ஊதாவாக்கிவிடும். அணுவே இல்லாத குழியிலும் சாற்றை ஊற்றிப் பார்த்தாலொழிய இது புலப்படாது. அப்படி ஊற்றிப் பார்ப்போர் சிலரே. அணு வகைகளின் வம்சத்திலும் குழப்பம் இருக்கிறது. 1951-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெண்மணியின் கருப்பை வாய்க் கட்டியிலிருந்து எடுத்த ஹீலா அணு, உலகத்தின் பரிசோதனைச் சாலைகளிலெல்லாம் பரவி, கவனக்குறைவான இடங்களில் பிற அணுக்களின் குடுவைகளிலும் புகுந்து அவற்றை விழுங்கிவிட்டது. வாய்ப்புற்று அணு என்று வழங்கிய கே.பி.யும், குரல்வளைப் புற்று அணு என்று வழங்கிய ஹெப்-2-வும், ஈரல் அணு என்று பெயர்பெற்ற சாங் அணுவும் உண்மையில் ஹீலாவே என்பது பல பத்தாண்டுகளுக்கு முன்பே தெரிந்துவிட்டது. ஆயினும் எங்கள் மூலிகை புற்றணுவைக் கொல்கிறது, ஆரோக்கியமான ஈரல் அணுவைக் கொல்வதில்லை என்று நிறுவுவதற்குச் சாங் அணுவை எடுத்துக்கொண்ட கட்டுரைகள் நம் நாட்டிலிருந்து வந்தவண்ணம் இருக்கின்றன. புற்றணுவையே ஆரோக்கியத்தின் அளவுகோலாக வைத்துக்கொண்டதை எழுதியவரும் அறியவில்லை, பிரசுரித்தவரும் அறியவில்லை.

இத்தனையும் கூறுவதால், தாவரங்களில் புற்றுநோய்க்கு மருந்தே இல்லை என்பது என் கருத்தாகிவிடாது. உண்மை நேர்மாறானது. மும்பையின் பால்கனித் தொட்டிகளில் மராட்டியர் சதாஃபுலி என்று அழைத்து வளர்க்கும் நித்தியகல்யாணியிலிருந்து வந்த வின்கிரிஸ்டினை நீக்கிவிட்டுக் குழந்தைகளின் இரத்தப் புற்றுக்குச் சிகிச்சையை இன்று எண்ணிப் பார்க்கவும் இயலாது. அதன் கதை பலரும் அறிந்ததே: நீரிழிவுக்கு உதவும் என்று ஜமைக்காவிலிருந்து கனடாவுக்கு வந்த இலையை நோபிள், பீர் என்னும் இருவர் எலிகளில் சோதித்தபொழுது, இரத்தத்தில் சர்க்கரை குறையவில்லை, வெள்ளணுக்கள் குறைந்தன. எதிர்பார்த்தது பொய்த்த இடத்தில் நின்று யோசித்ததன் பலன், 1958-இல் வெளியான, அதே செடியின் மற்றொரு மருந்தான வின்பிளாஸ்டின். திருநெல்வேலி, ராமநாதபுரம் சீமைகளின் வறண்ட நிலத்தில் இதைப் பயிரிட்டு இலையையும் வேரையும் அயல்நாடுகளுக்கு ஏற்றுமதி செய்த விவசாயிகளும் இக்கதையில் பங்குடையவரே. ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு ஏறக்குறைய அரை டன் உலர்ந்த இலை வேண்டும். அந்த இலையைக் கொதிக்கவைத்துக் குடித்தால் என்ன நடக்கும் என்று கேட்பவர்களுக்கு இவ்வொரு கணக்கே போதுமான பதில்.

மும்பைக்கே உரிய அத்தியாயம் இதைவிடச் சுவையானது; நம்மவர் அதிகம் பேசாதது. அமெரிக்காவின் வட கரோலினாவில் மன்ரோ வால் என்பவரும், மகாராஷ்டிரத்தின் நந்துர்பாரில் பிறந்து பம்பாய் சர்வகலாசாலையில் ரசாயனம் பயின்ற மன்சுக் வானியும், சீன தேசத்து மரமொன்றிலிருந்து கேம்டோதெசின் என்ற ஆல்கலாய்டைப் பிரித்து 1966-இல் வெளியிட்டனர். பசிபிக் யூ மரத்தின் பட்டையிலிருந்து டாக்ஸால் என்ற பொருளின் கட்டமைப்பை 1971-இல் கண்டுரைத்தவர்களும் அவர்களே. சீன மரம் நமக்கு எட்டாதது. ஆனால் சென்னை ராஜதானிக் கல்லூரியின் முதல்வராயிருந்து, பின்னர்ப் பம்பாய் கோரேகாவில் சீபா கம்பெனி நிறுவிய ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையை 1963-இல் ஏற்ற டி. ஆர். கோவிந்தாச்சாரி என்ற தமிழர், உடன் பணியாற்றிய விசுவநாதனோடு சேர்ந்து, நமது சஹ்யாத்ரிக் காடுகளில் வளர்வதும், நசுக்கினால் துர்நாற்றம் வீசுவதும், கொங்கணத்தார் நர்க்யா என்று அழைப்பதுமான சிறுமரத்தில் அதே கேம்டோதெசின், சீன மரத்திலுள்ளதைவிடத் தாராளமாக இருப்பதை 1972-இல் கண்டறிந்து பிரசுரித்தார். சாறு கொல்கிறது என்று கூறி அவர்கள் நின்றுவிடவில்லை. சாற்றைப் பகுத்து, பகுத்ததைப் படிகமாக்கி, படிகத்தின் உருவத்தை அணு அணுவாக வரைந்து காட்டினர். அந்நாளைய ரசாயனியின் சிரத்தை அத்தகையது.

அப்படியும் மருந்து வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதே காலத்தில் அமெரிக்காவில் கேம்டோதெசினை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபொழுது கடும் வாந்தியும், சிறுநீர்ப்பையில் இரத்தக் கசிவும் உண்டாகவே, சோதனையை நிறுத்திவிட்டார்கள். பத்தாண்டுகளுக்கு மேல் அது அலமாரியில் கிடந்தது. அணுவின் மரபிழை முறுக்கவிழும்பொழுது உதவும் டோபோஐசோமரேஸ் என்ற நொதியைக் கேம்டோதெசின் பற்றிக்கொள்கிறது என்று 1985-இல் தெரிந்த பின்னரே, அதன் உருவில் சிறு மாறுதல்கள் செய்து விஷத்தன்மையைக் குறைக்கும் முயற்சி கூர்மை பெற்றது. நம் ஊர்க் கடைகளில் சிறு புட்டிகளில் பால் பானம் விற்கும் அதே யாகுல்ட் கம்பெனி ஜப்பானில் உருவாக்கிய இரினோடெகான் அங்கே 1994-இலும், டோபோடெகானும் இரினோடெகானும் அமெரிக்காவில் 1996-இலும் அனுமதி பெற்றன. முதற் பிரசுரத்திற்கும் மருந்துச் சீட்டிற்கும் நடுவே முப்பது ஆண்டுகள். அதன் பின்விளைவாக, ஏற்றுமதிக்கென்று நர்க்யா மரங்களை வேரோடு வெட்டிச் சென்றதில் சஹ்யாத்ரிச் சரிவுகள் பல வெறுமையாயின என்பதையும் மறைப்பதற்கில்லை.

உல்லாஸ்நகரிலிருந்து பரேலுக்குப் போகும் வழியிலேயே இருக்கிறது முலுண்ட். அங்கே ஹெக்ஸ்ட் கம்பெனியின் ஆராய்ச்சி நிலையத்தினர், கோலியஸ் கிழங்கிலிருந்து ஃபோர்ஸ்கோலின் என்ற பொருளைப் பிரித்ததோடு, மேற்குத் தொடர்ச்சி மலையின் அகில் வகை மரமொன்றின் பட்டையில் ரோஹிடுகின் என்ற பொருளையும் ஆராய்ந்தனர். முதலில் வீக்கத்திற்கு மருந்தாகுமா என்றே அதைப் பார்த்தார்கள். அதன் சாயலில் அவர்கள் செய்த ஃபிளாவோபிரிடால், அணு பிளந்து பெருகும் காலச்சக்கரத்தை நடத்தும் சி.டி.கே. என்ற நொதிகளைத் தடுப்பது தெரியவந்து, அவ்வகையில் மனிதரிடம் சோதிக்கப்பட்ட முதல் பொருளாயிற்று. எத்தனையோ சோதனைகள் நடந்தும் அதற்கு விற்பனை அனுமதி இன்னும் கிட்டவில்லை. அது காட்டிய வழியில், வேறு ரசாயன உருவில் பிறந்த சி.டி.கே. தடுப்பான்கள்தாம் 2015 முதல் மார்பகப் புற்றுக்கு மருந்தாய் வந்தன. முலுண்டில் நடந்ததைத் தோல்வி என்று எவரேனும் சொன்னால் நான் ஒப்பமாட்டேன். ஒரு மருந்துக் குடும்பத்திற்கே கதவைத் திறந்துவிட்டதைத் தோல்வியென்று எப்படிச் சொல்வது?

இக்கதைகளுக்குப் பின்னாலுள்ள பேரெண்களையும் பார்த்துவிடுவோம். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையம் 1960 முதல் 1982 வரை ஏறத்தாழ 35,000 தாவர இனங்களிலிருந்து எடுத்த 1,14,000 சாறுகளைச் சோதித்தது. அவற்றிலிருந்து மருந்துக் கடைவரை வந்து சேர்ந்தவற்றில் பிரதானமானவை டாக்ஸால் குடும்பமும் கேம்டோதெசின் குடும்பமுமே. இமயமலை மூலிகையான பாப்ரியின் உறவுக்காரப் பொருளிலிருந்து சுவிட்சர்லாந்தில் செய்த எடோபோசைடு வேறு வழியில் வந்தது. நம் நாட்டிலும் லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் 1960-களிலேயே இந்தியத் தாவரங்களை வரிசையாகச் சோதித்து, 1968 முதல் முடிவுகளைத் தொடராக வெளியிட்டது. வீரியம் இல்லாதவற்றையும் பட்டியலில் சேர்த்து அச்சிட்ட அந்நாளையப் பெருந்தன்மை இன்று அருகிவிட்டது.

சித்த, ஆயுர்வேத மருத்துவத்தில் பற்றுடையோர் இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் எழுப்புவர், அது புறக்கணிக்கத்தக்கதன்று. வைத்தியர் கொடுப்பது மெத்தனால் சாறு அல்ல; அனுபானத்தோடு, பத்தியத்தோடு, பல சரக்குகள் சேர்த்துச் செய்த மருந்து; அதை உடல் செரித்து மாற்றிய பின்னரே அது வேலை செய்கிறது; எனவே தட்டில் ஊற்றிப் பார்ப்பதால் சித்த மருந்தை மெய்ப்பிக்கவும் முடியாது, பொய்ப்பிக்கவும் முடியாது என்பது அவர்கள் வாதம். வாதம் சரியே. ஆனால் அதன் இயல்பான முடிவு, மனிதரிடம் முறைப்படி சோதிக்க வேண்டும் என்பதாகுமே தவிர, சோதனையே தேவையில்லை என்பதாகாது. சலவைத் தொழிலாளர் துணிக்குக் குறியிடப் பயன்படுத்திய சேங்கொட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். தோலில் பட்டால் கொப்புளிக்கும் அதைச் சுத்தி செய்து நெய்யில் காய்ச்சும் முறை சித்த நூல்களில் உண்டு. பரேலில் கனோல்கர் தலைமையில் 1952-இல் தோன்றிய புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தார் அந்தக் கொட்டையின் சாற்றை 1980-இல் சுண்டெலிகளின் கட்டிகளில் சோதித்துப் பிரசுரித்தனர். தரமணியிலுள்ள சென்னைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ உயிர்வேதியியல் துறையார் சித்த முறையில் செய்த தயாரிப்பையே எலிகளுக்குக் கொடுத்துப் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். எலியோடு நின்றது, மனிதரை எட்டவில்லை. சீனத்தின் ஹார்பின் நகரத்து வைத்தியர்களோ, நம் பாஷாணங்களைப் போன்ற வெள்ளைப் பாஷாணத்தைப் பரம்பரை மருந்திலிருந்து தனிமைப்படுத்தி, 1970-களில் தொடங்கி நோயாளிகளிடம் அளந்து கொடுத்துக் குறித்துவந்ததால், ஒருவகைக் கடும் இரத்தப் புற்றுக்கு அது 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலேயே அங்கீகாரம் பெற்றது. பழமை அங்கே தடையாகவில்லை. தயக்கமின்றிச் சோதனைக்கு உட்பட்டதால் பழமை உயர்ந்தது.

மஞ்சளின் கதை இதற்கு எதிர்ப்பக்கம். திருச்சூரின் அமலா புற்றுநோய் ஆராய்ச்சி மையத்தினர் 1985-இல் மஞ்சளின் புற்றெதிர்ப்பு ஆற்றலைப் பற்றி எழுதியதிலிருந்து, குர்குமினைக் குறித்து ஆயிரக்கணக்கான கட்டுரைகள் குவிந்தன. தட்டில் அது எல்லாப் புற்றையும் கொல்கிறது. மனிதரிடமோ குடலில் உறிஞ்சப்படுவதே அரிது. நாளொன்றுக்கு 8 கிராம் வீதம் கணையப் புற்றுக்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்த அமெரிக்கச் சோதனையின் முடிவு 2008-இல் வந்தபொழுது, இரத்தத்தில் தென்பட்ட அளவு மிகச் சொற்பம். பலன் கண்டவரும் ஓரிருவரே. 2017-இல் மருந்து ரசாயன நிபுணர் சிலர் அதுவரை நடந்த நூற்றுக்கு மேற்பட்ட மருத்துவச் சோதனைகளைச் சீர்தூக்கி, கடுமையான முறையில் நடந்த எதிலும் குர்குமின் வென்றதாகச் சான்றில்லை என்றும், பல பரிசோதனைகளில் அது கருவியையே ஏமாற்றி வீரியமுள்ளதுபோல் தோற்றம் தரும் வகையைச் சேர்ந்தது என்றும் எழுதினர். குழம்பில் போடும் மஞ்சளுக்கு இதனால் ஒரு குறையும் வந்துவிடாது. மாத்திரையாக விற்கும் மஞ்சளுக்குத்தான் வந்தது.

மூலிகைதானே, நல்லது செய்யாவிட்டாலும் கெடுதல் செய்யாது என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இதற்கு ஈசுரமூலி ஒன்றே தக்க மறுப்பு. அம்மூலிகையிலிருந்து 1962-இல் அமெரிக்க ரசாயனி குப்சன் பிரித்தெடுத்த அரிஸ்டோலோகிக் அமிலம், கட்டிகளைத் தடுக்கும் பொருள் என்றே அறிமுகமாயிற்று. அவர் வெளியிட்ட புற்றுத் தடுப்பான்கள் வரிசையின் முதற் கட்டுரையே அதுதான். நோயாளிகளுக்குக் கொடுத்தபொழுது சிறுநீரகம் கெட்டது. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸல்ஸ் நகரில், உடல் மெலிய அதே குடும்பத்து மூலிகை கலந்த மாத்திரை உண்ட பெண்கள் பலரின் சிறுநீரகங்கள் செயலிழந்தன. அவர்களிற் பலருக்குச் சிறுநீர்க் குழாயில் புற்றுநோயும் கண்டது. புற்றுக்கு மருந்தென்று தொடங்கியதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பிலேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் முகமை இன்று வைத்திருக்கிறது. மராட்டியர் லக்ஷ்மண் ஃபள் என்றழைக்கும் முள்சீத்தாவும் கைபேசிச் செய்திகளில் கீமோவைவிடப் பதினாயிரம் மடங்கு வல்லது என்ற விருதோடு உலவுகிறது. அதன் அசிடோஜெனின் தட்டில் அணுக்களைக் கொல்வது மெய். அதையே மிகுதியாக உண்ணும் கரீபியன் தீவான குவாடலூப்பில் நடுக்குவாதம் போன்ற ஒரு நோய் அதிகமிருப்பதை 1999-இல் பிரெஞ்சு மருத்துவர்கள் எடுத்துக்காட்டியதும் மெய். பாதாம் கொட்டையின் கசப்புச் சத்தான லேட்ரில் என்ற மாய மருந்தை 1982-இல் 178 நோயாளிகளிடம் சோதித்ததில் பலன் பூஜ்யம். சயனைடு விஷத்தின் அடையாளங்கள் மட்டும் சிலரிடம் தென்பட்டன.

சட்டம் இதைக் கவனியாமல் இல்லை. 1954-ஆம் ஆண்டின் மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டத்தின் அட்டவணையில் புற்றுநோய் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது; அதைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே குற்றம். 2015 நவம்பரில் இந்திய அரசு, சுத்திகரித்துத் தரப்படுத்திய தாவரப் பகுதிகளைத் தனி மருந்து வகையாக ஏற்று, அவற்றையும் நவீன மருந்தைப் போலவே சோதித்து அனுமதி பெறுவதற்கு வழி வகுத்தது. ஒற்றைப் பொருளாகப் பிரித்தாலன்றி மருந்தில்லை என்ற பழைய நிர்ப்பந்தம் அதனால் தளர்ந்துவிட்டது. சாற்றை நம்புவோர் இனி இடமில்லை என்று குறைகூற வழியில்லை. அந்த வழியில் நடந்தோர் தொகைதான் இன்னும் குறைவு.

அப்படியானால் உல்லாஸ்நகரிலும் கல்யாணிலும் செம்பூரிலும் உள்ள சிறு கல்லூரிகள் இவ்வாராய்ச்சியைக் கைவிட வேண்டுமா? வேண்டாம் என்பதே என் கட்சி. ஆனால் தம் கைக்கு எட்டுவதைச் செவ்வையாகச் செய்ய வேண்டும். செடியைச் சேகரித்த இடம், மாதம், உறுப்பு இவற்றைப் பதிந்து, தாவரச் சேகரத்தில் மாதிரி வைத்துச் சான்று பெறுவது அவர்களால் இயலும். மழைக்காலத்து இலையும் கோடைகாலத்து இலையும் ஒன்றல்லவாதலால் ஒரே செடியை இரண்டு பருவங்களில் எடுத்துத் திரும்பச் சோதிப்பது இயலும். அணுவில்லாத குழியில் சாற்றை ஊற்றிப் பார்ப்பதும், அணுவின் வம்சத்தைச் சரிபார்த்த சான்று கேட்டு வாங்குவதும் இயலும். 20 மைக்ரோகிராம் எல்லைக்குள் வராத சாற்றை வராது என்றே எழுதுவது எல்லாவற்றிலும் எளிது. அப்படி எழுதினால் பட்டம் கிடைக்காது என்ற அச்சம் மாணவருக்கு இருக்குமானால், அந்த அச்சத்தைப் போக்கவேண்டிய பொறுப்பு வழிகாட்டும் பேராசிரியர்களுடையதும் சர்வகலாசாலையுடையதும் ஆகும். நிரூபணமாகாத முடிவொன்றைச் சரியாகப் பதிந்து வைத்தால், பத்து ஆண்டுகள் கழித்து வேறொருவர் அதே செடியில் வீண் உழைப்புச் செலவிடாமல் இருக்க அதுவே உதவும். கோரேகாவிலும் முலுண்டிலும் நடந்ததைப் போல அணு அணுவாகப் பிரித்தறியும் ரசாயனம் சிறு கல்லூரியால் ஆகாது. அதற்குக் கார்கரையும் லக்னோவையும் நாடுவதில் மானக்குறைவு எதுவுமில்லை.

பரேலுக்கு வந்துபோகும் நோயாளிகளுக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் ஒரு விண்ணப்பம். மருத்துவமனையின் மருந்தோடு வீட்டில் வேறு ஏதேனும் குடித்துவந்தால் அதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். திட்டுவார் என்று அஞ்சியே பலர் மறைக்கிறார்கள். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்னும் ஐரோப்பிய மூலிகையை உடன் உண்டவர்களின் இரத்தத்தில் இரினோடெகானின் வீரிய வடிவம் 42 விழுக்காடு குறைந்துபோனதை 2002-இல் ஹாலந்து மருத்துவர்கள் அளந்து காட்டினர். பச்சைத் தேயிலையின் சத்து போர்டிசோமிப் என்ற மருந்தோடு ஒட்டிக்கொண்டு அதைச் செயலற்றதாக்குவது 2009-இல் பரிசோதனைச் சாலையில் வெளிப்பட்டது. மாட்டுங்கா நாட்டுமருந்துக் கடையில் வாங்கிய பொட்டலமானாலும், ஊரிலிருந்து வந்த லேகியமானாலும், அடுத்த முறை செல்லும்பொழுது அதைக் கையோடு எடுத்துச் சென்று மருத்துவரின் மேஜைமேல் வையுங்கள்.